முடிச்சுக்கு ஒரு விரல்

பேரனுக்கு நாலு வயது. செவ்வாய்க்கிழமை காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு போவது என்னுடைய வேலை. ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி ஓர் ஏர்லிஒன் நிலையம் இருக்கிறது. ஒன்ராறியோ மாகாணம் முழுக்க இப்படி நிலையங்கள் உண்டு. பிறந்த குழந்தை முதல் ஆறு வயதுப் பிள்ளை வரை போகலாம், காசு வாங்கமாட்டார்கள். பிள்ளையை இறக்கிவிட்டுக் கடைக்கு ஓட முடியாது என்பது மட்டும்தான் சட்டம். கொண்டுபோனவரும் கூடவே நிலத்தில் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கும் என் முழங்காலுக்கும் ஒத்துவருவதில்லை. ஆனாலும் போகிறேன்.

போன மாதம் ஒரு நாள் மா பிசைந்து விளையாட விட்டார்கள். கோதுமை மா, உப்பு, தண்ணீர், எண்ணெய், கொஞ்சம் நிறம். கடையில் சின்ன டப்பாக்களில் விற்கும் பிளேடோவும் ஏறத்தாழ இதே சாமான்தான். அது முதலில் விளையாட்டுச் சாமானே இல்லை. அமெரிக்காவில் சுவரில் ஒட்டிய அலங்காரத் தாளில் படிந்த கரியைத் துடைத்தெடுக்க விற்ற மா. 1956இல்தான் அது பிள்ளைகளின் கைக்கு வந்தது. கொழும்புக் கோட்டையிலிருந்து காங்கேசன்துறைக்கு யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1956. ஒன்றுக்கும் மற்றதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எனக்கு மட்டும் இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டும்.

தேசிக்காயளவு மாவை என் உள்ளங்கையில் வைத்து, "அம்மம்மா, பாம்பு செய்" என்றான் பேரன். உருட்டத் தொடங்கினேன். பச்சை மாவின் மணம் மூக்கில் ஏறியதும் அம்மாவின் குரல்தான் முதலில் வந்தது.

"தின்ன மா இல்லாத நேரத்தில உங்களுக்குப் பட்டம் ஒட்ட மாவோ?"

1974, 75. இறக்குமதிக்கு இலங்கை கதவைச் சாத்தி வைத்திருந்த காலம். வெளியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வராததால் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களின் கையில் காசு புரண்டது. தோட்டம் இல்லாத எங்கள் வீட்டில் பாணுக்கு விடியமுன்னம் போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. சங்கக்கடையில் அளந்து தரும் கோதம்பை மாவை அம்மா ஒரு தகர ரின்னில் கொட்டி, அடுப்படித் தட்டில் எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருப்பார். அந்த ரின்னுக்குக் கிட்ட ஐயா போனாலே அம்மாவுக்குக் காது கேட்டுவிடும்.

ஐயா கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். எங்கள் வடமராட்சியில் பாதி வீடுகளின் கதை அதுதான். அப்பாமார் கொழும்பில், மற்றவர்கள் ஊரில், நடுவில் ஒரு ரயில். வருடத்துக்கு மூன்று தரம் வருவார். சித்திரை வருசம், ஆவணியில் சந்நிதித் திருவிழா, பிறகு தைப்பொங்கல். வந்த முதல்நாள் எங்களோடு என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. "இப்ப எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்பார். போன தடவையும் அதைத்தான் கேட்டார். சொன்ன பிறகு "ம்" என்பார். அதோடு இரண்டு பக்கத்துக் கையிருப்பும் முடிந்துவிடும்.

தைக்கு வரும்போது மட்டும் சூட்கேஸின் அடியில், பழைய பேப்பருக்குள் சுருட்டின ரிசு தாள் இருக்கும். புறக்கோட்டையில் வாங்கினது. சிவப்பு, பச்சை, கத்தரிப்பூ நிறம். அந்தச் சுருளை விறாந்தையில் விரித்த பிறகுதான் ஐயா ஊருக்கு வந்து சேர்ந்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மாரி ஓய்ந்து வாடைக்காற்று நேராக வீசத் தொடங்கும் காலம் அது. வல்வெட்டித்துறைப் பக்கம் பட்டத்துக்குப் பேர்போனது. கொக்கு, பிராந்து, எட்டுமூலை, பாம்பு, பெட்டி என்று ஏற்றுவார்கள். ஐயாவுக்குக் கொக்குப்பட்டம் ஒன்றுதான் வரும், அதையும் வருடத்துக்கு ஒன்றுதான் செய்வார். ஆனால் அந்த ஒன்றுக்கு நாலு நாள் எடுப்பார். மூங்கிலைப் பிளந்து, சீவி, ஒவ்வொரு குச்சியாக விரலின் மேல் நடுவில் வைத்துப் பார்ப்பார். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் சீவுவார். எத்தனை தரம் சரிபார்ப்பார் என்று தம்பியும் நானும் எண்ணுவோம். பதினெட்டுக்கு மேல் எண்ணத் தம்பிக்குத் தெரியாது, அவன் எழும்பிப் போய்விடுவான்.

மா கிடைக்காது என்று தீர்ந்த வருடம், வளவு மூலையில் நின்ற விளாத்தியில் பிசின் எடுத்துவரச் சொன்னார். பட்டையில் கண்ணீர் மாதிரித் திரண்டு நிற்கும், பொன் நிறம். சிரட்டையில் தண்ணீர் விட்டு ஊறப்போட்டால் மறுநாள் காலையில் கொழகொழவென்று இருக்கும். மாப்பசையைவிட அது நல்லது என்று ஐயா அன்றைக்குச் சொன்னார், அம்மாவுக்குக் கேட்கும்படி. பூச்சி அரிக்காதாம். அது உண்மையோ, அடுப்படியில் தோற்றதற்குச் சொன்ன சமாதானமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனித்தான் விரல்.

இரண்டு மூங்கில் குச்சி குறுக்கே சந்திக்கும் இடத்தில் நூலால் கட்ட வேண்டும். ஒரு கை குச்சியைப் பிடிக்கும், மற்றக் கை நூலைச் சுற்றும். முடிச்சுப் போட்டு இறுக்கும் கணத்தில் மூன்றாவதாக ஒன்று தேவை. முதல் முடிச்சு தளராமல் ஒருத்தர் அமத்திப் பிடிக்க வேண்டும். ஐயாவின் விரல்கள் தடித்தவை. தம்பி ஒரு இடத்தில் நிற்கமாட்டான். "பிள்ளை, இஞ்சை வா. விரலை வை. அசைக்கக்கூடாது." சுட்டுவிரலை வைப்பேன். இரண்டாம் முடிச்சு என் நகத்தின் மேலால் வரும், நூல் நெருங்கி வரும்போது விரல் நுனி வெளிறும். "எடு!" என்று அவர் சொல்லும் அந்த நொடியில் உருவ வேண்டும். முந்தி எடுத்தால் முடிச்சு தளரும், பேச்சு விழும். பிந்தினால் விரலும் சேர்ந்து கட்டுப்படும். ஒருநாள் அப்படித்தான் கட்டுப்பட்டது. நான் அழவில்லை. ஐயா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

ஒரு பட்டத்தில் எத்தனையோ முடிச்சு. நாலு நாளும் என் தலை அவர் நாடிக்குக் கீழே. வெற்றிலை, சவர்க்காரம், கொழும்பு வீவா மா எல்லாம் கலந்த ஒரு மணம். அதிகம் பேசவில்லை. "வை", "எடு", "வை", "எடு". அந்த இரண்டு சொல்லில் நாங்கள் இரண்டு பேரும் நன்றாகப் பேசிக்கொண்டோம் என்றுதான் இப்போது படுகிறது.

மகள் ஆசிரியை. பெற்றோரும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்திருந்து கையால் ஏதாவது செய்வதைப் பற்றி அவளிடம் பெரிய பெரிய சொற்கள் இருக்கின்றன. சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் ஐயா என்னோடு விளையாட உட்காரவில்லை. என்னை வளர்க்கவும் உட்காரவில்லை. அவருக்குப் பட்டம் வேண்டியிருந்தது, அதற்கு ஒரு சின்ன விரல் தேவைப்பட்டது. அந்தத் தேவை பொய்யில்லை என்பது எட்டு வயதில் எனக்கு நன்றாகத் தெரியும். தம்பி இல்லை, அம்மா இல்லை, நான் இல்லாவிட்டால் இந்தப் பட்டம் கட்டுப்படாது. பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பட்டம் கட்டி முடிந்தால் விண். தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மூங்கில் வில்லில் பனைநாரை நாண் மாதிரி இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் பூட்டுவார்கள். காற்றில் அந்த நார் அதிரும்போது கூவும். விண் இல்லாத பட்டத்தை ஐயா பட்டமாகவே மதிக்கமாட்டார். நார்தான் உயிர். தடித்தால் உறுமும், கூவாது. மெலிந்தால் கீச்சிட்டு அறும். பனைமட்டையிலிருந்து உரித்த நாரைத் தொடையில் வைத்து, உடைந்த போத்தலோட்டால் ஒரே சீராகச் சுரண்டிச் சுரண்டி நாடா மாதிரி ஆக்க வேண்டும்.

அந்த வருடம் ஐயா இரண்டு நாரை அறுத்துவிட்டார். இரண்டாவது அறுந்தபோது போத்தலோட்டை முற்றத்தில் எறிந்தார். பிறகு எழும்பிச் சால்வையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். மூன்றாவது நார் விறாந்தையில் கிடந்தது. நான் எடுத்தேன். எறிந்த ஓட்டைத் தேடி எடுத்து, கால்களை நீட்டிவைத்துச் சுரண்டினேன். நீளப்பாட்டுக்கு, ஒரே பக்கம், அழுத்தாமல். ஐயா இடைக்கிடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், அப்படிப் பிடித்துப் பார்த்தேன். விளக்கு வைக்கும் நேரம் வரை சுரண்டினேன். வலது கைப் பெருவிரலில் வெட்டு விழுந்ததை அம்மா கண்டால் நார் போய்விடும் என்று பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஐயா வந்தார். நாரை எடுத்து லாம்பு வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இழுத்தார். ஆர் செய்ததென்று கேட்கவில்லை. வில்லில் கட்டி, கயிற்று முனையில் முடிந்து, முற்றத்து நடுவில் நின்று தலைக்கு மேல் சுழற்றினார். கூவியது. அயல்வீட்டு நாய் குரைத்தது.

"ம்" என்றார்.

அம்மாவிடம் இப்படிச் சரிபார்க்கும் வரைமுறை ஒன்றும் கிடையாது. ஐயா இல்லாத ஆடி மாதத்தில் அம்மாவின் ராச்சியம். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அதற்கென்றே ஒரு பாட்டு எழுதிவைத்துவிட்டுப் போனதால், எங்கள் ஊரில் அந்த நாளைத் தெரியாத பிள்ளை கிடையாது. வறுத்த அரிசிமாவைச் சுடுதண்ணீரில் குழைத்து, பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் உள்ளே வைத்து மூடி, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பல் வைப்பார். எங்களுக்கும் ஆளுக்கு ஓர் உருண்டை மா. தம்பி அதில் கார் செய்வான், நான் கிளி செய்வேன். காருக்குச் சில்லு மூன்றுதான் இருக்கும், கிளிக்குச் சொண்டு நழுவும். அம்மா ஒன்றையும் திருத்தமாட்டார். எல்லாம் அதே நீற்றுப்பெட்டியில் அவர் செய்தவற்றோடு சேர்ந்து அவியும். அவிந்து வரும்போது கிளியும் காரும் ஒரே மாதிரித்தான் இருக்கும். "இது ஆற்ற?" என்று தூக்கிக் காட்டுவார். நாங்கள் சண்டை பிடிப்போம். கோதம்பை மாவுக்கு அப்படிக் காவல் நின்ற அம்மா, அன்றைக்கு அரிசிமாவை எங்கள் கையில் விட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருப்பார். சின்னம்மாவின் பிள்ளைக்குப் பல் முளைத்தபோது பல்லுக் கொழுக்கட்டைக்குத் தேங்காய்ச் சொட்டைக் குத்தும் வேலை முழுவதையும் என்னிடமே தந்தார். நான் குத்திய பல் எல்லாம் கோணல். சபையில் அதைத்தான் பிள்ளையின் தலையில் கொட்டினார்கள். அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கும் பல் வரிசை கோணல்தான். அதற்கு நான்தான் காரணம் என்று குடும்பத்தில் ஒரு பகிடி.

ஆச்சியும் இருந்தார், திண்ணை மூலையில் ஓலை இழைத்துக்கொண்டு. அவர் ஒன்றும் காட்டித் தரவில்லை. கழித்து எறியும் ஓலைத்துண்டுகள் எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்து அந்தப் பக்கமாக நான் இருப்பேன், அவ்வளவுதான்.

பட்டம் ஏற்றும் நாளுக்கு வருகிறேன். பொங்கலன்று பின்னேரம். நூல் பூட்ட முச்சை கட்டி, வால் கட்டி, ஐயா பட்டத்தைத் தூக்கித் தோளில் வைத்தார். தம்பி நூல்பந்தைத் தூக்கினான். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு படலைக்கு வந்தேன்.

"பொம்பிளைப் பிள்ளை எங்க வெளிக்கை பட்டத்தோட?" என்றார் ஆச்சி, ஓலையிலிருந்து தலை நிமிராமல்.

நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா பட்டத்தின் குஞ்சத்தைச் சரிசெய்தார். பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு சொல் இல்லை. நாலு நாள் "வை", "எடு" என்று சொன்ன வாய்.

வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்தேன். பட்டம் முதலில் இரண்டு தரம் குத்தியது. முச்சையில் பிழை என்று எனக்கு அங்கேயே தெரிந்தது, மேல் நூலைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். கத்திச் சொல்லலாம். சொல்லவில்லை. குத்தட்டும் என்று இருந்தேன். மூன்றாம் தரம் ஏறியது. பனைகளுக்கு மேலே போனதும் சிவப்புப் பச்சையெல்லாம் கறுப்பாகிவிட்டது, ஒரு புள்ளி. ஆனால் சத்தம் வந்தது.

இரவில் பட்டத்தை இறக்கமாட்டார்கள். பனையில் கட்டிவிடுவார்கள், விடியும்வரை கூவும். ஊர் முழுக்க அப்படி எத்தனையோ விண். பாயில் படுத்திருந்து கேட்டால் தேன்கூட்டுக்குள் தலையைக் கொடுத்த மாதிரி இருக்கும். அதில் எங்களுடையது எது என்று எனக்குத் தெரியும். காற்று ஏறும்போது மற்றவை உயர்ந்து கத்தும். எங்களுடையது உயராமல் நீண்டு போகும். தம்பி பக்கத்தில் நித்திரை. ஐயா விறாந்தையில் குறட்டை. நான் மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

பட்டம் அந்த மாசியிலேயே கிழிந்தது. சித்திரைக்கு வந்தபோது விண்ணை ஐயா கழற்றி, அடுப்படி வளையில் செருகிவைத்தார். அடுத்தடுத்த வருடப் பட்டங்களுக்கும் அதே விண்தான். பிறகு எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதானபோது முடிச்சுக்கு விரல் வைக்கவும் கூப்பிடாமல் விட்டார். தம்பியின் விரல் அதற்குள் பழகிவிட்டது. ஐயா பென்சன் எடுத்து நிரந்தரமாக ஊருக்கு வந்தபின் பட்டமே கட்டவில்லை. விண் மட்டும் வளையில், புகையில் கறுத்துக் கிடந்தது.

1987 மே 26. வடமராட்சியில் இராணுவத்தின் ஒப்பரேசன் லிபரேசன் தொடங்கிய நாள். உடுத்த உடுப்போடு கோயிலுக்கு ஓடினோம். ஓடும்போது அம்மா மா ரின்னை எடுத்தார், அதைச் சொல்லிப் பிறகு பல வருடம் சிரித்தோம். திரும்பி வந்தபோது சுவர் நின்றது, கூரை இல்லை. வளைமரங்கள் கரியாக முற்றத்தில் கிடந்தன. ஐயா ஒரு தடியால் அந்தக் கரியைக் கிண்டிக்கொண்டு நின்றார். என்ன தேடுகிறீர்கள் என்று அம்மா கேட்டார். ஒண்டுமில்லை என்றார். உறுதிக்கட்டைத் தேடுகிறார் என்று அம்மா நினைத்தார். உறுதிக்கட்டு அம்மாவின் கைப்பையில் இருந்தது.

ஏர்லிஒன்னில் எனக்கு எதிரே ஓர் இளம் தகப்பன், எந்த ஊர்க்காரரோ தெரியாது, மாவில் யானை செய்துகொண்டிருந்தார். நல்ல யானை. தும்பிக்கையில் சுருக்கம்கூட வைத்தார், பல்குத்தும் குச்சியால் கண் குத்தினார். அவர் மகள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். தொடப்போனபோது "பொறு, பொறு" என்பது போல் அவர் கை நீண்டது. அந்தப் பிள்ளை மேசைக்குக் கீழே போய் ஒரு துண்டு மாவை வாயில் போட்டது. உப்பு. துப்பிவிட்டு என்னைப் பார்த்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை. தகப்பனில் குறை காணவும் எனக்கு மனம் வரவில்லை. யானையில் அவ்வளவு கவனமாக இருக்கும் ஆளை எனக்குத் தெரியும். யானையின் காதைப் பிடிக்க ஒரு விரல் தேவை என்பது மட்டும் அவருக்கு இன்னும் தோன்றவில்லை.

இந்தத் தை மாதம் தம்பி பாரிசிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கலன்று நடக்கும் பட்டப்போட்டி. வீடளவு பட்டங்கள். பார்க்கத்தான் அழகு, விண்ணின் சத்தம் ஒலிபெருக்கிப் பாட்டில் அமுங்கிப்போனது. பார்சல் கட்டும் பிளாஸ்ரிக் நாடாவில்தான் இப்போது விண் கட்டுகிறார்களாம், அறாதாம். இரவு போனில் வந்தான். லாச்சப்பல் கடைத்தெரு இரைச்சல் பின்னால் கேட்டது.

"எங்கட விண் மாதிரி வராதக்கா."

"வராது."

"அந்த நாரை ஐயா எப்பிடித்தான் சீவினாரோ. அந்தத் தடிச்ச விரலால."

பேரன் என் மடியில் கிடந்து போனைப் பறிக்கப் பார்த்தான். பெருவிரல் வெட்டு எப்போதோ ஆறிவிட்டது, அடையாளம்கூட இல்லை.

"அண்டைக்கு ஐயா கோயிலுக்குப் போட்டார்," என்றேன்.

"எண்டைக்கு?" என்றான் தம்பி.